அக்கா குடிக்காத தண்ணீர்

நாடே "பிரதமரின் துணைவியார்" என்று சொன்ன பெண்ணை நாங்கள் "மறுபடி அக்கா" என்றுதான் கூப்பிட்டோம். நகரக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆற்றுத் தண்ணீர் வைத்த ஒரு தட்டைப் பார்த்து "ஏழு புள்ளி" என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "மறுபடி பாரு" என்றார். பார்த்தேன். எட்டு. ஓரத்தில் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. அன்று முதல் அவர் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா அந்தக் கூடத்துக்குப் பதினெட்டு வயதில் பாட்டில் கழுவ வந்தவர். தையல்காரர் ஒருவரின் ஐந்து பெண்களில் மூன்றாவது. பகலில் பாட்டில் கழுவி, மாலையில் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதிப் பகுப்பாய்வாளர் ஆனார். எங்கள் வேலை கேட்பதற்கு எளிது. ஊர் முழுக்கக் குழாய்களில் தண்ணீர் பிடித்து வருவார்கள். அதை மெல்லிய ஒரு தாளில் வடிகட்டி, தாளைத் தட்டில் வைத்து, சூட்டுப் பெட்டியில் ஒரு நாள் விடுவோம். மனிதக் கழிவில் இருந்து வரும் கிருமி இருந்தால் தாளில் நீலப் புள்ளி முளைக்கும். குடிக்கிற தண்ணீரில் ஒரு புள்ளிகூட வரக் கூடாது. ஒன்று வந்தாலும் அக்கா ரிப்போர்ட்டில் "குடிக்கத் தகாதது" என்று எழுதி, கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்.

அவர் கணவர் வக்கீல். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மிரட்டப்படும் வாடகைக்காரர்களுக்காக வாதாடுகிறவர். அப்படியே நகரசபைக்குப் போனார், அப்புறம் பாராளுமன்றத்துக்குப் போனார். கட்சிக்குள் இரண்டு பெரிய தலைகள் மோதிக்கொண்டு, இரண்டு பேருமே வேண்டாம் என்று ஆனபோது, யாருக்கும் விரோதி இல்லாத இந்த மனுஷனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு வியாழக்கிழமை பதவியேற்பு. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வழக்கம்போல லேப் வாசலில் நின்றார். பின்னால் கோட்டு போட்ட இரண்டு பாதுகாவலர்கள்.

"உள்ள வரணும்னா ஷூவைக் கழட்டிட்டு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கணும். இல்லேன்னா வராந்தாவுல இருங்க" என்றார் அவர்களிடம். ஒருத்தர் உள்ளே வந்தார். கழிவுநீர் பாட்டிலை நான் திறந்ததும் வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் பிரதமர் அலுவலகத்தில் இருந்து புரோட்டோகால் அதிகாரி வந்தார். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் ஃபைல்தான்.

"மேடம், பிரதமரோட துணைவியார் வேலைக்குப் போற வழக்கம் இல்ல" என்றார்.

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டத்துல இல்ல மேடம். மரபு."

"யாரு ஆரம்பிச்ச மரபு?"

ஃபைல் யோசித்தார். "முன்னாடி இருந்தவங்க யாரும் வேலை பார்க்கல, அதனால..."

"அவங்களுக்கு வேலை இல்ல, போகல. எனக்கு இருக்கு, போறேன். இதுல சண்டை போட என்ன இருக்கு?"

"நாட்டோட முதல் பெண்மணி நீங்க, மேடம்."

லேப்பைக் கூட்டுகிற அம்மாவைக் கை காட்டினார் அக்கா. "இங்க தினமும் முதல்ல வர்ற பெண்மணி அவங்க. நான் ரெண்டாவதுதான்."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாட்டுக்கு, மிச்ச நாள் வாரியத்துக்கு. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நூலகம், முதியோர் இல்லம், பூக்கண்காட்சி என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ரிப்பன் வெட்டினார். திங்கட்கிழமை வந்து எங்களிடம் புலம்புவார். "எங்க போனாலும் கத்திரிக்கோல் மொட்டை. தையல்காரர் பொண்ணு நான், என் கையில அதைக் குடுக்கறாங்களே!" எழுதிக் கொடுத்த உரையில் பாதியை அடித்துவிட்டுத்தான் படிப்பார். லேப்பின் ஈரத்தரையில் வழுக்காமல் இருக்கப் போடும் அதே தட்டை ரப்பர் செருப்போடு மேடை ஏறினார் என்று பத்திரிகைகள் அவர் காலைப் படம் பிடித்துப் போட்டன. அடுத்த விழாவுக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார்.

"ஒரு ஜோடி வாங்கிக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"வாங்கலாம்னுதான் இருந்தேன். இப்ப வாங்கினா அவங்க சொல்லி வாங்கின மாதிரி ஆயிடும். இது தேயட்டும்" என்றார்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்காக அரசாங்கம் ஊருக்கு வெளியே ஆயிரத்து இருநூறு வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தது. பிரதமர் பதவிக்கு வந்ததும் கொடுத்த முதல் வாக்குறுதி அது. ஜனங்கள் குடி வந்துவிட்டார்கள். அவர்களுக்கென்று கட்டின சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து சோதனை ஓட்டமாகத் தண்ணீரும் விட ஆரம்பித்திருந்தார்கள். முறைப்படி திறப்பு விழா மட்டும் பாக்கி.

அந்தக் குடியிருப்பில் இருந்து நான்கு பாட்டில் வந்தது. நான்தான் தட்டு வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒரு தாளிலேயே இருபத்து மூன்று புள்ளிகள். மற்ற மூன்றும் அதைவிட மோசம். அக்காவிடம் காட்டினேன்.

"மறுபடி பாரு."

"பார்த்துட்டேன் அக்கா. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

அவர் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். பாதுகாவலர்கள் பின்னாலேயே ஓட, நாலு தெருக் குழாய்களின் வாயைத் தீயில் காட்டி, மூன்று நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டு, பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் அதிலும் நீலம். வரும்போது இன்னொரு செய்தியும் கொண்டு வந்திருந்தார். குடியிருப்பில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

"குடிக்கத் தகாதது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"திறப்பு விழா அடுத்த சனிக்கிழமை. அது முடியட்டும், மேல அனுப்பலாம்."

"அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க எதைக் குடிக்கும் சார்?"

"உங்க வீட்டுக்காரர் விழாதானேம்மா அது" என்றார் மேலாளர், ஏதோ அக்காவுக்கே நல்லது செய்கிற குரலில்.

அதுவரை அக்கா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். லேப் விஷயம் வீட்டுக்குப் போகக் கூடாது, வீட்டு விஷயம் லேப்புக்கு வரக் கூடாது. மறுநாள் காலை, டீ மேசையில், அந்தக் கட்டுப்பாட்டை மீறினார். கணவர் பத்திரிகையைப் பார்த்தபடியே கேட்டாராம். "பார்க்கச் சொல்றேன்" என்றாராம். அப்படியே சொல்லவும் செய்தார். இரண்டே நாளில் நீர்வள அமைச்சர் சுத்தமான ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். வேறொரு லேப்பில் செய்த சோதனை, புள்ளி பூஜ்யம், எல்லாம் சரி செய்தாயிற்று. அதன் நகலை ஃபைல் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே அழைப்பிதழ். புதுக் குழாயில் இருந்து முதல் கிளாஸ் தண்ணீரைப் பிரதமரும் துணைவியாரும் மேடையில் குடிப்பார்கள் என்று அதில் அச்சடித்திருந்தது.

அக்கா ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.

"மறுபடி பாரு. மணியைப் பாரு."

தண்ணீர் பிடித்த நேரம் காலை பத்து மணி. முடிவு எழுதிய நேரம் அதே நாள் மாலை நான்கு. கிருமி புள்ளியாக வளர ஒரு முழு நாள் வேண்டும். ஆறு மணி நேரத்தில் வைத்தால் எந்தச் சாக்கடைத் தண்ணீரும் பூஜ்யம்தான் காட்டும். தட்டு வைத்தார்களா என்பதே சந்தேகம்.

"விழாவுக்கு வருவீங்களா மேடம்?" என்று ஃபைல் பயந்துகொண்டே கேட்டார்.

"வராம? கண்டிப்பா வர்றேன்" என்றார் அக்கா. ஃபைலுக்கு உயிர் வந்தது. அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "நீயும் வா. ரெண்டு பாட்டில், ஐஸ் பெட்டி, எல்லாம் எடுத்துக்க" என்றார்.

சனிக்கிழமை நல்ல வெயில். மேடையில் குழாய்க்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். கீழே வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடியிருப்பு ஜனங்கள். டெலிவிஷன் கேமராக்கள். நான் ஐஸ் பெட்டியோடு மேடை ஓரப் படிக்கட்டில் நின்றேன். அமைச்சர் நீளமாகப் பேசி முடித்தார். அக்கா ரிப்பனை வெட்டினார், அமைச்சர் குழாயைத் திறந்தார், இரண்டு கிளாஸ் நிரம்பியது. எல்லாரும் கை தட்டினார்கள். பிரதமர் சிரித்துக்கொண்டே கிளாஸை வாய்க்குக் கொண்டு போனார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வைங்க கீழ."

மைக் திறந்திருந்தது. அந்த இரண்டு வார்த்தை நாடு முழுக்கக் கேட்டது. பிரதமரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, ஆனால் கிளாஸை வைத்துவிட்டார். முப்பது வருஷ வழக்கம், அவர் கை மூளையைக் கேட்காமல் வைத்திருக்கும் என்று அக்கா பிறகு சொன்னார்.

அக்கா கைப்பையைத் திறந்து விரல் நீளக் கண்ணாடிக் குழல் ஒன்றை எடுத்தார். தன் கிளாஸில் இருந்து அதில் தண்ணீர் ஊற்றினார். ஒரு மாத்திரையை நசுக்கிப் போட்டு மூடிக் குலுக்கினார். தண்ணீரில் குளோரின் மருந்து இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் ரோஸ் நிறமாகும். அது எங்கள் ஆட்கள் எல்லாரும் தெருத் தெருவாகச் செய்கிற சோதனை. அக்கா குழலைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பத்து எண்ணும் நேரம் ஆனது. நிறம் மாறவில்லை.

"மேடம், ப்ளீஸ்" என்று பின்னால் ஃபைலின் குரல் உடைந்தது.

"இதுல மருந்தே இல்ல" என்றார் அக்கா மைக்கில். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "போன வாரம் இந்தத் தெருக் குழாய்ல நானே தண்ணி பிடிச்சேன். அதுல மலக்கிருமி இருந்துச்சு. சுத்தம்னு ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு, அது பொய். நான் இதைக் குடிக்க மாட்டேன். நீங்களும் காய்ச்சாம குடிக்காதீங்க. தளதளன்னு கொதி வரணும், அப்புறம் ஒரு நிமிஷம் விடுங்க. பிள்ளைங்களுக்கு வாய் கொப்பளிக்கக்கூட இந்தத் தண்ணி வேணாம்."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கத்தினாள். "என் புள்ள மூணு நாளா ஆஸ்பத்திரியில கிடக்கு! கேட்டா, பழக்கமில்லாத தண்ணி, போகப் போகச் சரியாயிடும்னு சொன்னாங்க!" அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் களேபரத்தில் நான் குழாயடியில் உட்கார்ந்து இரண்டு பாட்டில் பிடித்து மூடினேன்.

கணவனும் மனைவியும் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தது. அக்கா அதை எங்களுக்கு ஒளிக்காமல் சொன்னார்.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். டீ குடிச்சிட்டே கேட்டீங்க."

"நாடே சிரிக்குது. பொண்டாட்டி கையைப் பிடிச்சுத் தடுத்தான்னு..."

"தடுக்காம விட்டிருந்தா? நீங்க குடிச்சதைப் பார்த்து ஆயிரத்து இருநூறு வீடும் தைரியமாக் குடிச்சிருக்கும். என்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தானே? என் மூஞ்சியைப் பார்த்தா தண்ணி மேல நம்பிக்கை வரும்னு. நான் அந்த நம்பிக்கையைக் காப்பாத்தியிருக்கேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா விடவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. போய்ப் பார்த்துட்டு வந்து என்கிட்ட எவ்வளவு நேரம் வேணும்னாலும் கோவப்படுங்க. உட்கார்ந்து கேக்கறேன்."

அவர் போனார். கேமரா இல்லாமல் போனார். வார்டில் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராக. திரும்பி வந்து கோபப்படவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, நிலையத்தை மூடிப் பிரித்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

ஆனால் கட்சி சும்மா இருக்குமா? திங்கட்கிழமை ஃபைல் ஓர் அறிக்கையோடு லேப்புக்கு வந்தார். உடல்நலக் குறைவாலும் சோதனை மாத்திரை காலாவதி ஆகியிருந்ததாலும் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன் என்று அக்கா பெயரில் எழுதியிருந்தார்கள். கையெழுத்து மட்டும் வேண்டும்.

அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தார். "உடல்நலக் குறைவு" என்பதை அடித்து, "காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை" என்று மேலே எழுதினார். "காலாவதி" என்பதைச் சுழித்து, மாத்திரை அட்டையின் தேதியைப் பக்கத்தில் குறித்தார். "வருந்துகிறேன்" என்பதன் கீழே கோடு போட்டு "யார்?" என்று கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில்: மறுபடி பாரு.

ஃபைல் அதைப் படித்தார். முதல் தடவையாக அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். "இதை நான் அப்படியே கொண்டு போய்க் குடுத்துடறேன் மேடம்" என்றார்.

நான் மேடையில் பிடித்த பாட்டில்களின் தாளில் எண்ணவே முடியவில்லை, நீலம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. நிலையத்தைப் பிரித்தவர்கள் இரண்டு விஷயம் கண்டுபிடித்தார்கள். பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்று புதுக் குழாயின் இணைப்புக்கு மேலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. மருந்து கலக்கும் இயந்திரத்துக்கு மின்சாரமே கொடுத்திருக்கவில்லை. விழாவுக்காகப் பெயிண்ட் மட்டும் பளபளவென்று அடித்து வைத்திருந்தார்கள். அமைச்சர் பதவி விலகினார். நிலையம் ஏழு வாரம் மூடிக் கிடந்தது, லாரியில் தண்ணீர் போயிற்று. எல்லாரும் அக்காவைக் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். குடியிருப்புப் பெண் ஒருத்தி லேப்புக்கே வந்து, "ஏம்மா, ஏழு வாரம் எங்களைக் குடம் தூக்க வச்சிட்டியே" என்று சண்டை போட்டாள். அக்கா அவளை உட்கார வைத்து டீ கொடுத்தார், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்கிடையில் வாரியத்தில் இருந்து ஒரு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் பொது மேடையில் துறையைப் பற்றிப் பேசிய குற்றத்துக்கு விசாரணை. முடியும்வரை ஸ்டோரில் வேலை. பிரதமரின் மனைவிக்கு மெமோ! வாரியத் தலைவர், பதவி விலகிய அந்த அமைச்சரின் ஆள்; அவருக்கு அந்த ஆத்திரம். பிரதமர் போனை எடுத்தார்.

"அந்தப் போனைத் தொட்டீங்கன்னா நான் வேலையை விட்டுடுவேன்" என்றார் அக்கா. "அப்புறம் நான் பேசினது எல்லாம் புருஷன் பலத்துல பேசினதுன்னு ஆயிடும். இது எனக்கு வந்த மெமோ. நான் பார்த்துக்கறேன்."

அவர் போனை வைத்தார். மெமோவை வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பழைய வக்கீலாக மூன்று தடவை படித்தார். "சரி, ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றார். "அன்னிக்கு நீ என்னவா மேடையில இருந்தே? ஊழியராவா, விருந்தாளியாவா?"

அக்கா பதினோரு வாரம் ஸ்டோரில் இருந்தார். காலிப் பாட்டில்களுக்கு மூடி பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை. தண்டனை என்று கொடுத்த அந்த வேலையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்து, பாதி மூடிகள் ஒழுகுகின்றன என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

விசாரணை நாளில் எதிரே மூன்று அதிகாரிகள். அக்கா அழைப்பிதழை அவர்கள் முன்னால் வைத்தார்.

"இதுல என் பேருக்குக் கீழ என்ன போட்டிருக்கீங்க? பிரதமரின் துணைவியார். வாரிய ஊழியர்னு எங்கயாவது இருக்கா? விருந்தாளி பேசினதுக்கு மெமோ குடுக்க உங்க விதியில இடம் இல்ல."

"நீங்க ஊழியரும்தானே?" என்றார் நடுவில் இருந்தவர்.

"ஊழியராத்தான் கூப்பிட்டீங்கன்னா, தண்ணி கெட்டதுன்னா கெட்டதுன்னு சொல்றது என் வேலை. முப்பது வருஷமா அதுக்குத்தான் என்னை வச்சிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

மூன்று பேரும் பேனாவை மூடினார்கள். எதையும் எழுதவில்லை. மெமோ கைவிடப்பட்டது. அக்கா தன் மேசைக்குத் திரும்பினார்.

அடுத்த தேர்தலில் அவர் கணவர் தோற்றார். கொஞ்சத்தில்தான். அந்தக் கிளாஸ் தண்ணீரால்தான் தோற்றோம் என்று கட்சியில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஒரு நிருபர் அக்காவிடம் வருத்தமா என்று கேட்டபோது, "அவரு தோத்தாரு, அது வருத்தம்தான். அந்தத் தண்ணியைக் குடிச்சு ஜெயிச்சிருந்தா அதைவிட வருத்தமா இருந்திருக்கும்" என்றார்.

அரசு மாளிகையைக் காலி செய்து சின்ன வீட்டுக்கு வந்தார்கள். கணவர் கறுப்புக் கோட்டை மறுபடி மாட்டினார். அக்காவுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் மூத்த பகுப்பாய்வாளர் ஆகிவிட்டார்கள், அவர் மட்டும் அதே இடத்தில். கணவர் பதவியில் இருந்தபோது, கொடுத்தால் சலுகை என்பார்கள் என்று வாரியம் கொடுக்கவில்லை. பதவி போனதும், பழைய மெமோ கோப்பில் இருக்கிறதே என்றது. நாங்கள் எல்லாம், ஓய்வு பெற இரண்டே வருஷம்தானே, விட்டுவிடுங்கள் என்றோம்.

"எதுக்கு விடணும்? அவரு பிரதமரானது என் குத்தமா, பதவி போனது என் குத்தமா?" என்று தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார்.

அவருக்காக வாதாட எழுந்தது முன்னாள் பிரதமர். அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லை. நாங்கள் லேப்பைப் பூட்டிவிட்டு வந்திருந்தோம். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மனுதாரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"இங்க அவங்க என் கட்சிக்காரர் ஐயா" என்றார் கணவர்.

பின் பெஞ்சில் இருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் எந்தக் கட்சியும் இல்லீங்க."

நீதிபதி சிரிப்பை அடக்கக் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். வழக்கு நான்கு வாய்தா நடந்தது. கைவிட்ட மெமோவைக் காரணம் காட்டிப் பதவி உயர்வைத் தடுத்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

ஓய்வு பெறும்வரை பதினாலு மாதம் அக்கா மூத்த பகுப்பாய்வாளராக இருந்தார். கூடத்தின் தெற்கு ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறையை அவருக்குக் கொடுத்தார்கள். முதல் நாளே கதவைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். கதவு இருந்தால் தட்டு கொண்டு வருகிறவர்கள் தயங்கி நிற்பார்களாம்.